நரிக்கு மண்டகப்படி

சுனையூர் விலங்குப் பூங்காவில் நரி தரையை விட்டு எழும்பியது சித்திரை மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. செவ்வாய் பூங்காவுக்கு விடுமுறை, ஆகவே அதை முதலில் பார்த்தவள் பிரமசக்தி ஒருத்திதான். நரி, மரநாய், முள்ளம்பன்றி என்ற மூன்று ஜீவன்களுக்கும் எட்டு வருஷமாக அவள்தான் காவல், அவள்தான் சமையல், வயிறு சரியில்லை என்றால் முதலில் கவலைப்படுகிறவளும் அவள்தான். காலையில் இறைச்சித் தட்டோடு இரும்புக் கதவைத் திறந்து உள்ளே போனவள், நரி வழக்கமான இடத்தில் வழக்கம்போல நிற்பதையும், அதன் நான்கு கால்களுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் வெளிச்சம் இருப்பதையும் பார்த்தாள். தட்டை அதன் வயிற்றுக்குக் கீழே தள்ளினாள். ஒரு காலிலும் தட்டாமல் தட்டு அந்தப் பக்கம் போயிற்று. சரி, இன்றைக்கு இப்படி என்று நினைத்துக்கொண்டு, தட்டை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வைத்துவிட்டு முள்ளம்பன்றியைப் பார்க்கப் போனாள்.

நரி இருந்தது ஒரு குழியில். பன்னிரண்டு அடி ஆழம், வட்டமான சுவர், காவலுக்கு வருகிறவர் நுழைய அடியில் ஓர் இரும்புக் கதவு, நடுவில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் கல்லடுக்கிக் கட்டிய வளை, மேலே கூரை என்று எதுவும் கிடையாது, வானம்தான். பார்க்க வருகிறவர்கள் மேலேயுள்ள கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்க்க வேண்டும். பார்க்க வேண்டும் என்பது பூங்காவின் ஆசை. வருகிற ஜனம் என்ன செய்யும் என்றால், நுழைந்ததும் புலியிடம் ஓடும், புலி தூங்குகிறதே என்று கோபித்துக்கொள்ளும், டிக்கெட் எடுத்து வந்தவர்களுக்காக அது எழுந்து ஒரு தடவையாவது உறும வேண்டாமா என்று காவலாளியிடம் நியாயம் கேட்கும், பிறகு முதலையிடம் வந்து அது உயிருள்ளதா, சிமெண்டில் செய்து வைத்ததா என்று தங்களுக்குள் வாதாடும், குரங்குக் கூண்டில் மட்டும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி வெகுநேரம் நிற்கும், அப்புறம் நிழல் பார்த்து உட்கார்ந்து புளியோதரையைப் பிரிக்கும். நரிக்குழி புலிக்கும் முதலைக்கும் நடுவழியில் இருந்தது. போகிற போக்கில் யாராவது ஒருவர் எட்டிப் பார்த்து, "ஏ, நாயி" என்பார். பின்னால் வருகிறவர் அதற்குப் பிறகு கழுத்தைக்கூட நீட்ட மாட்டார். கோடை விடுமுறையில் ஒரு நாளைக்கு மூவாயிரம் பேர் வந்தார்கள், மூவாயிரம் பேருக்கும் அது நாய்தான், அதுவும் எங்கள் தெருவில் இதைவிட நல்லது இருக்கிறது என்று சொல்லத்தக்க நாய்.

ஏன் எழும்பியது என்று கண்டுபிடிக்க பிரமசக்திக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. கூட்டம் இல்லாத நாளில் அது இருந்த இடத்திலேயே இருந்தது. கூட்டம் வந்து, நாய் நாய் என்று சொல்லிச் சொல்லி நகர்ந்த நாட்களில் காலையில் ஒரு சாணாக இருந்தது மாலையில் ஒரு முழமானது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைச் சாக்கில் இட்டு இறைச்சி நிறுக்கும் தராசில் வைத்தாள். போன மாதம் பத்து கிலோ இருந்த பிராணி, தராசு முள்ளை ஒரு கோடுகூட நகர்த்தவில்லை. மற்றபடி அதற்கு ஒரு குறையும் இல்லை, தின்பதைத் தின்றது, அந்தி சாய்ந்தால் ஊளையிட்டது, அவள் "ராசு" என்று கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் திருப்பியது. முள்ளம்பன்றிக்கு இந்தச் சிக்கல் வரவில்லை, அதைப் பார்த்து ஜனங்கள் ஐயோ என்றாவது சொன்னார்கள்.

பூங்காவின் சூப்பிரண்டு ஜெபராஜ் நல்ல மனுஷர், தாளில் இல்லாத எதையும் நம்பாதவர். அவர் வந்து பார்த்தார், டேப் வைத்து அளந்தார், விலங்குகள் மிதப்பதைப் பற்றி இதுவரை சுற்றறிக்கை எதுவும் வரவில்லை, வந்தால் அதன்படி செய்வோம் என்றார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் கால்சியம் டானிக் எழுதிக் கொடுத்தார். கயிறு கட்டிப் பார்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்ல, வேப்பமரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டிய அன்றிலிருந்து நரி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு மரத்தடியில் தொங்கியது. மூன்றாம் நாள் பிரமசக்தி யாரையும் கேட்காமல் கயிற்றை அறுத்துவிட்டாள்.

அறுத்த பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. சுனையூர் கணவாயின் வாயில் இருக்கிற ஊர். ஆனி கழிந்தால் மலைக்கு அந்தப் பக்கத்துக் காற்று கணவாய் வழியாக இந்தப் பக்கம் கொட்டும், ஓடு பறக்கும், சைக்கிளைச் சாத்தி வைத்துவிட்டுக் கடைக்குள் போனால் திரும்பி வரும்போது சைக்கிள் அடுத்த கடை வாசலில் கிடக்கும். அந்தக் காற்றுக்கு முன் நரிக்கு எடை திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ஆடி முதல் தேதி அது குழியை விட்டுக் கிளம்பி எந்த ஊர் வானத்தில் போய் அலையுமோ, யார் அதற்குத் தட்டு வைப்பார்களோ.

இதற்குள் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். வாசலில் சுண்டல் கடை இரண்டு ஆறானது. புலி இருக்கிறதா என்று இப்போது யாரும் கேட்பதில்லை, பறக்கிற நாய் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். கைப்பிடிச் சுவரைச் சுற்றி நான்கு வரிசை ஜனம் நின்றது, செல்போனைத் தூக்கிப் பிடித்தது, காலுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் படம் எடுத்தது. இத்தனை கண் பார்த்தால் எடை ஏறாமலா போகும் என்று பிரமசக்தி சந்தோஷப்பட்டாள். நரி அந்த வாரத்தில் மட்டும் மூன்று முழம் உயர்ந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தது நரிக்குக் கீழே இருந்த காற்றை என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

அப்போது அவள் ஒரு தப்பு செய்தாள். நாய் என்று சொல்வதால்தானே வினை, இது நரி என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டால் போதுமே என்று கணக்குப் போட்டு, நரி முகத்தில் விழித்தால் நினைத்தது நடக்கும், நம் பூங்காவில் நிஜ நரி இருக்கிறது, காலை ஆறு மணிக்கே கதவு திறக்கிறோம் என்று காய்கறிச் சந்தையில் நாலு பேரிடம் சொல்லி வைத்தாள். நாலு பேர் நானூறு பேரானார்கள். நரி முகத்தில் விழிப்பது என்றால் எழுந்ததும் முதலில் பார்ப்பது அதுவாக இருக்க வேண்டுமல்லவா, அதனால் மறுநாள் விடியற்காலையில் சுனையூர் ஜனம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து, ஏற்கெனவே விழித்துவிட்ட ஒரு தியாகியை முன்னால் நடக்க விட்டு, தெருத்தெருவாகப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள், பத்திரம் பதியப் போகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். சுவரருகே வந்ததும் கண்ணைத் திறப்பார்கள், அது மேலேயா கீழேயா என்று தேடுவார்கள், ஒரு விநாடி பார்த்ததும் கும்பிட்டுவிட்டு, வேறு எதன் முகத்திலும் விழிக்குமுன் ஓடிவிடுவார்கள். பத்து நாளில் நரி குழியின் சுவருக்குச் சமமாக வந்துவிட்டது, பார்க்கிறவர்கள் குனிய வேண்டிய அவசியம்கூட இல்லை.

பிரமசக்தி ஏணி வைத்து ஏறித் தட்டு நீட்ட வேண்டியதாயிற்று. இதெல்லாம் தன் வாயால் வந்தது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஆனி பிறந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள், பிறகு மரநாய்க்குப் பழம் நறுக்கப் போனாள்.

ஆறாம் நாள் மைதீன்பிச்சை வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு எதிர்ப்புற ஆஸ்பத்திரியில் ஏதோ பரிசோதனை, இரண்டு மணி நேரம் ஆகும் வெளியே இருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாடை அவருக்கு ஆகாது, அதனால் டிக்கெட் எடுத்துப் பூங்காவுக்குள் வந்து, நிழல் விழுந்த ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு நரிக்கு நேர் எதிரே இருந்தது. அவரிடம் செல்போன் இல்லை, அதை மனைவியிடம் கொடுத்திருந்தார், படிக்கப் பேப்பர் இல்லை, வேண்டிக்கொள்ள அன்றைக்கு மனசுக்குள் பேச்சும் இல்லை. வேறு வழியில்லாமல் நரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து, ஏணியோடு வந்த பிரமசக்தியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதுக்கு இடது காது நுனியில பொட்டு அளவு சதை இல்ல, கவனிச்சியளா? ஈ வந்தா அந்தக் காதை மட்டும் ஆட்டாது, வலதைத்தான் ஆட்டுது."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, நரி ஒரு முழம் கீழே இறங்கியது. மைதீன்பிச்சை, இறங்குதே என்றார். ஆமா அண்ணாச்சி என்றாள் பிரமசக்தி. வேறு என்ன பார்த்தீர்கள், யோசித்துச் சொல்லுங்கள் என்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் இன்னும் இரண்டு சொன்னார், நரி இன்னும் இரண்டு சாண் இறங்கியது. சொன்னதையே திரும்பச் சொன்னால் அது அசையவில்லை என்பதையும் அன்றைக்கே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். எட்டு வருஷமாகத் தனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் பிரமசக்தி மடமடவென்று சொன்னாள். பதினோரு விஷயத்தோடு அவளுக்குத் தீர்ந்துவிட்டது, நரி இன்னும் ஆள் உயரத்தில் நின்றது.

இதைக் கேட்டு யோசனை சொன்னது தங்கபுஷ்பம். பீடி சுற்றுகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி, பிரமசக்தியின் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு வாக்கப்பட்ட மைனி, எதற்கும் அசராதவள். "இதுக்கு ஏன் இப்படி முழிக்க? கோயில் திருவிழாவுக்கு மண்டகப்படி வைக்கம்லா, அது மாதிரி வச்சிருவோம். ஒரு நாளைக்கு ஒரு கூட்டம். அன்னைக்கு நரி அவுக பொறுப்பு" என்றாள். ஒரு நாள் ஒரு தெருவுக்கு, ஒரு நாள் ஒரு தொழில்காரர்களுக்கு என்று சாமிக்குப் பிரித்துக்கொள்வதில் பழக்கப்பட்ட ஊர், நரியையும் அன்று மாலைக்குள் பிரித்துக்கொண்டது. யாருக்கு முதல் நாள் என்பதில் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் ஜவுளிக்கடைக்காரர்களுக்கும் சிறு உரசல் வந்தது, அது வராவிட்டால் மண்டகப்படி என்று எப்படிச் சொல்வது. நிபந்தனை ஒன்றுதான். வருகிற கூட்டம் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும், முன்னால் வந்தவர்கள் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மாலை, சூடம், தேங்காய் எதுவும் கூடாது. சொன்னதெல்லாம் மறந்து போகாமலிருக்க, குழியைச் சுற்றியிருந்த கைப்பிடிச் சுவரில் கறுப்பு பெயிண்டால் எழுதிக்கொள்ள ஜெபராஜ் வாய்மொழியாக அனுமதி கொடுத்தார். தாளில் இல்லாத ஒன்றுக்கு அவர் அனுமதி கொடுத்தது அதுதான் முதல் தடவை.

முதல் வாரம் சுலபமாகப் போயிற்று. வால் நுனி கறுப்பு என்றார்கள், தின்னுமுன் தட்டை இடப்பக்கமாகச் சுற்றி வருகிறது என்றார்கள், ஐந்து பத்து பஸ்ஸின் ஹாரன் கேட்டால் தலையைத் தூக்குகிறது, ஐந்து இருபது பஸ்ஸுக்குத் தூக்குவதில்லை என்றார்கள். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டாவது வாரத்தில் தீர்ந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் உட்கார வேண்டியதாயிற்று. அல்வாக் கடைக்காரர்கள் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்து, அதன் முதுகில் ஏழு நிறம் இருக்கிறது, தோள்பட்டையில் இருப்பது அல்வாவில் நெய் பிரியும்போது வருகிற நிறம், அதற்கு ஒரு நிமிஷம் முன்பும் வராது பின்பும் வராது என்றார்கள். வக்கீல்கள் நாளன்று நரி கொட்டாவி விட்டதா வெறுமனே வாயைத் திறந்ததா என்று அரை மணி நேரம் இரு தரப்பு வாதம் நடந்தது, நரி ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, கடைசியில் ஜூனியர் பெண் ஒருத்தி அது வாயை மூடும்போது நாக்கு நுனி ஒரு விநாடி வெளியே தங்குகிறது என்று சொல்ல, சட்டென்று ஒரு சாண் இறங்கியது. பீடிக்காரப் பெண்கள் கண்ணும் கையும் ஓயாதவர்கள், சுற்றிக்கொண்டே பார்த்து ஒரே நாளில் ஒன்பது சொன்னார்கள். நரி ஒரு துண்டு இறைச்சியைத் தின்னாமல் மிச்சம் வைத்து, காக்கை பார்க்கும்படி ஒரு கல்லிடுக்கில் ஒளிக்கிறது, காக்கை பார்க்காதபோது எடுத்து வேறு இடுக்கில் வைக்கிறது என்றது அதில் ஒன்று. கண் தெரியாத ஊதுபத்தி வியாபாரி ஒருவர் தன் நாளில் வந்து, மழைக்கு முன்னால் இதன் வாடை மாறுகிறது, ஈர மண்பானை வாடை வருகிறது என்றார், அதற்கும் நரி இறங்கியது.

இப்படிப் பழகிய கண், வீட்டுக்குப் போகிற வழியில் சும்மா இருக்குமா. நரியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் முதலையின் முன்னால் நின்று, அது சிமெண்ட் இல்லை, நிமிஷத்துக்கு ஒரு தடவை மூச்சு விடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். புலி தூங்கினால் தூங்கட்டும், எப்படித் தூங்குகிறது என்று பார்ப்போம் என்று உட்கார்ந்தார்கள். வெளியூர்க்காரர்கள் கைப்பிடிச் சுவரில் எழுதியிருந்ததைப் படித்து, நிஜமா என்று எட்டிப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பஸ்ஸைத் தவற விட்டார்கள். பூங்காவில் ஒரு சுற்று வந்தால் முக்கால் மணி நேரம் என்று இருந்தது மாறி, காலையில் வந்தவர்கள் மாலையில்கூட முள்ளம்பன்றியைத் தாண்டவில்லை. பிரமசக்திக்குப் பெருமை தாங்கவில்லை. தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றி நாலு பேர் நல்லபடியாகப் பேசக் கேட்ட சந்தோஷம் அது.

ஆடி பிறக்கும்போது நரியின் முன்னங்கால்கள் தரையில் பட்டன, பின்னங்கால்கள் பட்டும் படாமலும் இருந்தன. தராசு மூன்று கிலோ காட்டியது. போதாது என்று எல்லாருக்கும் தெரியும்.

காற்று ஆடி இரண்டாம் தேதி காலையில் வந்தது, கூடவே சாரலையும் கூட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்குப் பூங்கா ஊழியர்களின் மண்டகப்படி. ஆனால் விடிந்ததும் ஒரு புங்கமரம் மான் வேலியின் மேல் சாய்ந்துவிட்டது, ஊழியர்கள் அத்தனை பேரும் கயிறும் அரிவாளுமாக அங்கே ஓடினார்கள், காற்று அடங்கும்வரை ஜனங்களை உள்ளே விட வேண்டாம் என்று ஜெபராஜ் வாசலைச் சாத்தச் சொல்லிவிட்டார். குழிக்கு வந்தது பிரமசக்தி மட்டும்தான்.

அவள் இரும்புக் கதவைத் திறந்தபோதே குழிக்குள் காற்று இறங்கிச் சுழன்றுகொண்டிருந்தது. வேப்பிலைகள் வட்டமாகச் சுற்றின, இலைகளோடு நரியும் சுற்றியது. மூன்று கிலோவைத் தூக்குவது அந்தக் காற்றுக்கு ஒரு வேலையே இல்லை. நரி அவள் இடுப்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது, கை நீட்டி எட்டிப் பிடிக்குமுன் தலைக்கு மேலே போய்விட்டது. பிரமசக்தி சொல்லத் தொடங்கினாள். இடது காது நுனியில் சதை இல்லை என்றாள். தட்டை இடப்பக்கமாகச் சுற்றும் என்றாள். அவளுடைய பதினொன்றையும் சொன்னாள், ஊராருடையதை ஞாபகம் இருந்தவரை சொன்னாள், எல்லாம் ஏற்கெனவே சொன்னவை, ஒன்றும் வேலை செய்யவில்லை. நரி சுவரின் விளிம்புக்குப் போயிற்று. அதற்கு மேல் கணவாய்க் காற்று நேராக அடித்துக்கொண்டிருந்தது.

சொல்ல ஒன்றும் இல்லாமல் அவள் அண்ணாந்து பார்த்தாள். ஊரெல்லாம் மேலேயிருந்து கீழே பார்த்த நரியை, அது நேர் தலைக்கு மேலே நின்றதால், கீழேயிருந்து மேலே பார்த்தாள். வயிற்று மயிர் வெளுப்பாக, நனைந்து, முனைமுனையாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான்கு பாதங்களின் அடிப்பக்கமும் தெரிந்தது. முன்னங்கால் பாதத்தில் நான்கு விரல் மெத்தைகள் இருந்தன, அதில் நடுவிலிருந்த இரண்டும் அடியில் ஒன்றாக ஒட்டியிருந்தன. அவள் நாயின் பாதத்தைப் பார்த்திருக்கிறாள், வீட்டிலேயே நாய் உண்டு, அதற்கு நான்கும் தனித்தனி. சாரல் கண்ணில் விழ விழ, துடைக்காமல் மறு காலையும் பார்த்தாள். அதிலும் ஒட்டியிருந்தன.

"ராசு, ஒனக்கு நடுவெரல் ரெண்டும் அடியில ஒட்டியிருக்குடா" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை, காற்று அப்படி. "நாய்க்கு இப்படி இல்ல. ஒனக்குத்தான் இருக்கு."

நரி காற்றுக்கு நடுவில் நின்றது. பிறகு இறங்கியது. அவசரப்படாமல், படியிறங்குகிற நிதானத்தோடு அவள் முகத்தைத் தாண்டி, தோளைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, நான்கு காலும் ஈர மண்ணில் அழுந்த நின்றது. உடம்பை ஒரு தரம் உதறி அவள் சேலை முழுக்கத் தண்ணீர் தெறிக்கவிட்டது. அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போய் வளைக்குள் நுழைந்து படுத்துக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து ஜெபராஜ் குடையோடு வந்தார், குடை வாசலிலேயே காற்றில் உள்வெளியாகத் திரும்பிக்கொண்டுவிட்டது, அதை எறிந்துவிட்டுச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தார். நரியைக் காணோம். பிரமசக்தி சேற்றில் குந்தியிருந்தாள். போய்விட்டதா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அங்கே என்னம்மா செய்கிறாய் என்று மட்டும் கேட்டார்.

"தடம் பாக்கேன் சார்" என்றாள் அவள். "எட்டு வருசமா தினம் காலையில இதத்தான் பெருக்கித் தள்ளியிருக்கேன்."

ஜெபராஜ் சுற்றி வந்து கதவைத் திறந்து உள்ளே வந்தார், பேண்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தினார். அவள் ஒரு தடத்தின் மேல் விரலை வைத்து, இரண்டு மெத்தைகளும் சேருகிற இடத்தைக் காட்டினாள். தடம் ஆழமாக விழுந்திருந்தது, பத்து கிலோவுக்குக் குறையாது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்தது எங்கே என்று கேட்டார். தலைக்கு மேலே காற்று போய்க்கொண்டிருக்க, இரண்டு பேரும் ஒவ்வொரு தடமாகப் பார்த்துக்கொண்டே வளை வாசல் வரைக்கும் போனார்கள்.